சரளைக்குழியும் என் புல்வெளியும்

மார்ச் 5, செவ்வாய்
ஊர்க்கூட்டத்தில் என் தீர்மானம் தோற்றது. வெர்மான்ட் மாநிலச் சட்டத்தில் இருப்பதைத்தான் கேட்டேன். சூரியத் தகடுகளை எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்று நாமே ஓர் எரிசக்தித் திட்டம் எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டால், அனுமதி தரும் ஆணையம் நம் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்தாக வேண்டும். சரளைக்கல் தோண்டியெடுத்த பழைய சரளைக்குழி சும்மாதானே கிடக்கிறது, தகடுகளை அங்கே வைக்கலாமே!

பக்கத்துப் பண்ணை வெண்டல் எழுந்தான். "தலைநகரத்துக்காரன் சொல்லி நாம எழுதணுமா? நம்ம ஊர்ல அவனுக்கு என்ன வேலை?"

ஒரே கைதட்டல். 'வேண்டாம்' என்ற கூச்சலில் கூரை அதிர்ந்தது. அப்புறம், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் மதியச் சாப்பாட்டில் நான் கொண்டுபோன பீன்ஸை வழித்துச் சாப்பிட்டார்கள். வெட்கங்கெட்டவர்கள்.

மே 20
நான் குத்தகைக்கு வைத்திருக்கும் கீழ்ப்புல்வெளியைச் சூரியமின் நிறுவனத்துக்கு விடப்போகிறாராம், கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் அதன் சொந்தக்காரர். என் மாடுகளுக்குக் குளிர்காலத் தீவனமே அதுதான்.

நான் சூரிய மின்சாரத்துக்கு எதிரியா? போன வருட வெள்ளத்தில் பாலமே போயிற்று. பருவநிலையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் குழி இருக்க, புல்லையா மூடுவார்கள்?

ஜூலை 11
கீழ்ப்புல்வெளியில் தகடு வைக்க அனுமதி தரலாமா என்று ஆணையத்தின் விசாரணை. வெண்டல் கத்தினான்: "ஊரே வேண்டாம்ங்குது!"

விசாரணை அதிகாரி அம்மா கேட்டார்: "உங்க ஊருக்கு ஒப்புதல் வாங்கின திட்டம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப நீங்க சொல்றதக் கேட்டுக்கறேன். அதுக்கு மேல கனம் கொடுக்க முடியாதுங்க."

வெளியே வந்து என்னிடம் புலம்பினான். "அந்தம்மா நம்மள மதிக்கவே இல்ல, கொரின்."

"மதிக்க என்னத்தக் கொடுத்தோம்? கூரை அதிரக் கத்தினோமே, அதையா?"

வண்டிக் கதவை அறைந்து சாத்தினேன். அவ்வளவு ஆத்திரம்.

நவம்பர் 14
அனுமதி கொடுத்துவிட்டார்கள். புல்வெளி போச்சு.

யாரைத் திட்டுவது — சட்டத்தையா? அது கதவைத் திறந்துதான் வைத்திருந்தது. வீம்புக்கு வெளியே நின்றது நாங்கள்.

ஜனவரி 9
எரிசக்தித் திட்டம் எழுத ஊரில் இப்போது ஒரு குழு அமைத்திருக்கிறோம்; அதில் வெண்டலும் சேர்ந்திருக்கிறான். அவன் நிலத்தை ஒட்டிய மேட்டையும் குத்தகைக்கு எடுக்க நிறுவனம் பேசுகிறதாம். இப்போதுதான் ஐயாவுக்கு உறைக்கிறது!

மார்ச் 4, செவ்வாய்
ஊர்க்கூட்டத்தில் திட்டம் நிறைவேறியது. தகடுகளுக்கு முதல் இடம் சரளைக்குழி. வழிமொழிந்தவன் வெண்டல். நான் பீன்ஸ் கொண்டுபோகவில்லை.

சாயங்காலம் பால் கறக்கும் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. பாதித் தொழுவம் காலி.