சாவிக்கு அடியில் ஒரு கயிறு

செப்டம்பர் 4

நகரசபைக் கூடத்துச் சுவரோவியத்தில் இடது பாதியைச் சுத்தம் செய்தாயிற்று. ஊரைப் பிடித்த கிறிஸ்தவ அரசர் வெள்ளைக் குதிரையில். எதிரே, அதுவரை ஊரை ஆண்டு தோற்ற இருபத்திரண்டு மூர் முஸ்லிம்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரியவர் கோட்டைச் சாவியை நீட்டுகிறார். இருபத்திரண்டு பேருக்கும் ஒரே முகம். குதிரைக்கு மட்டும் இமைமயிர்கூட ஒவ்வொன்றாக.

பெர்னாத்திடம் காட்டினேன். பழைய ஓவியங்களைச் சீரமைக்கப் பதினோரு வருடமாகச் சேர்ந்து சாரம் ஏறுகிறோம். "குதிரைய வரைஞ்சவன் நேர்ல பாத்திருக்கான், ஒலாயா. இவங்கள எங்க பாத்தான்?" என்றான்.

செப்டம்பர் 9

மேல்பூச்சுக்கு அடியில் இருப்பதைக் காட்டும் அகச்சிவப்புக் கேமராவில் எடுத்த படங்கள் வந்தன. சாவிக்கு அடியில் கயிறு. பெரியவரின் மணிக்கட்டுகள் கட்டப்பட்டிருக்கின்றன!

ஊர்க் கொடியிலேயே அந்தச் சாவிதான். 'நாம யாரையும் அடிச்சுப் பிடிக்கல, அவங்களே திறந்துவிட்டாங்க' என்று சொல்லித்தான் இங்கே பிள்ளைகளை வளர்க்கிறார்கள். பிற்காலத்தில் யாரோ வெட்கப்பட்டு மறைத்திருக்க வேண்டும். வண்ணத் துணுக்கைச் சோதனைக்கு அனுப்ப நகரசபை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். விஷயத்தைப் பெர்னாத்துக்கு மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 10

மேயர் ஸபதேர் சாரத்தடியில் வந்து நின்றார். எடுத்த எடுப்பிலேயே, "அந்தச் சாவியில கை வைக்கலியே?"

இவருக்கு எப்படித் தெரியும்? பெர்னாத்தா? போன வாரம் இருவரும் சேர்ந்து காபி குடித்தார்களே.

செப்டம்பர் 11

படங்களை என் பைக்கு மாற்றிவிட்டேன். பெர்னாத் தேடினான். தெரியாது என்றேன்.

செப்டம்பர் 17

சோதனை முடிவு. கயிற்றுக்கும் சாவிக்கும் இடையே தூசிகூட இல்லை. ஒரே வண்ணம், ஒரே காலம். கயிற்றை வரைந்தவனே சாவியையும் வரைந்திருக்கிறான் — யாரோ மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியானால் கயிறுதான் உண்மை என்று நான் ஏன் நம்பினேன்? கட்டி இழுத்து வந்தோம் என்பதும் ஜெயித்தவனின் பெருமைதானே. முதலில் வீரம் என்று கயிறு, பிறகு கருணை என்று சாவி. இரண்டில் எதை நம்புவது?

செப்டம்பர் 18

"எம்மேல சந்தேகமா?" என்று பெர்னாத் கேட்டான். இல்லை என்றேன். அவன் நம்பவில்லை.

செப்டம்பர் 24

அறிக்கையில் கயிறு வரக்கூடாது என்றார் மேயர். மேலே தெரிவதுதானே ஓவியம் என்று வாதாடினார். யார் சொல்லி உங்களுக்குத் தெரியும் என்று கேட்டே விட்டேன்.

"யாரு சொல்லணும்? சோதனைக்கு எழுதினீங்களே, அதுல கையெழுத்துப் போட்டதே நான்தான். 'சாவிக்கு அடியில் உள்ள கயிறு'ன்னு நீங்களே எழுதியிருந்தீங்க."

நானே. என் கையாலேயே. பாவம் பெர்னாத், அவனை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்.

செப்டம்பர் 30

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன், படங்களோடு. கடைசி வரி: 'கயிறும் சாவியும் வென்றவர்களுக்காக வரையப்பட்டவை. தோற்றவர்களின் தரப்பு இந்தச் சுவரில் இல்லை.' பெர்னாத் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டான். மாலைக்குள் எங்கள் இருவருக்கும் வேலை போயிற்று. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றான்.

அக்டோபர் 21

வேறு ஊர், வேறு சுவர். பெர்னாத்தும் வந்திருக்கிறான். இப்போதெல்லாம் எதைக் கண்டாலும் தாளில் எழுதி, தேதி போட்டு, ஒரு நகலைத் தன் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் நீட்டுகிறான். வாயால் எதையும் சொல்வதில்லை.