துடைக்காமல் விட்டவனுக்கு

நேற்று உன் காரின் டிரைவர் சீட்டைக் கழற்றி என் கடை மேஜைமேல் வைத்தேன். ஸ்பிரிட்டில் நனைத்த துணியை ஹெட்ரெஸ்டில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தேன். உன் தலை எண்ணெய் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. செத்து நாலு மாதம் ஆகிறது, நாற்றம் மட்டும் விடவில்லை பார். துணியைக் கடாசிவிட்டு வெளியே போய் நின்றேன்.

உன் சாவுக்கு நான் வரவில்லை. "காரியத்துக்குக் கூடவா போகமாட்டே, ஊரு இன்னா சொல்லும்?" என்று என் மனைவி கேட்டாள். ஊர் என்னை ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டது, இனி என்ன சொல்லப்போகிறது என்றேன்.

நீ புத்தூரிலிருந்து வந்தாய், நான் சத்தியவேட்டிலிருந்து வந்தேன். திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் ஒற்றை ஷட்டர் கடை பிடித்தோம். நிறம் மங்கிய லெதர் சீட்டுக்குப் புதுசாக நிறம் ஏற்றும் வேலை. மலையில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகள் சாய்ந்து சாய்ந்து, இந்த ஊர் கார்களின் ஹெட்ரெஸ்ட் எல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்து, எண்ணெய் குடித்துக் கிடக்கும். அந்த எண்ணெயைத் துடைத்தெடுப்பது உன் வேலை. பெயிண்ட் அடிப்பது என் வேலை. "துணி வெள்ளையா வர்ற வரிக்கும் தொடைக்கணும்டா, இல்லன்னா பெயிண்ட் நிக்காது" என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் நீதான் பாடம் நடத்துவாய்.

ஒரே கேரியரில் சாப்பிட்டவர்கள் நாம். என் தங்கை கல்யாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டிப் பந்தி பரிமாறியவன் நீ. அதனால்தான் அந்தச் சித்தூர்க்காரரின் கறுப்பு சீட்டைக் காட்டி, "தொட்ச்சிட்டேன், நீ அடி" என்று சொல்லிவிட்டு மேட்ச் பார்க்கக் கிளம்பியபோது, நான் விரல் வைத்துப் பார்க்கவில்லை. உன்னை நம்பினேன். அது ஒன்றுதான் நான் செய்த தப்பு.

அடுத்த வாரம் அந்த மனுஷர் குடும்பத்தோடு மலைக்குப் போய் மொட்டை போட்டிருக்கிறார். இறங்கும்போது ஈரச் சந்தனத்தோடு சாய்ந்து தூங்கிவிட்டார். நேராக நம் கடை வாசலில் வந்து இறங்கினார். பாதித் தலை சந்தனம், பாதித் தலை கறுப்பு. டாக்சி ஸ்டாண்டே கூடிச் சிரித்தது. பாவம், அவர் கண்ணில் தண்ணீர். "யார்யா இத பண்ணது?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் நீ விரலை நீட்டினாய்.

"பெயிண்ட் அடிச்சது அவன்தான் சார்."

அடப்பாவி! அது பொய்கூட இல்லையே. பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'நல்ல குண்டு'. தெலுங்கில் நல்ல என்றால் கறுப்பு, குண்டு என்றால் மொட்டை. டிரைவர்கள் என்னைக் கண்டாலே தலையைத் தடவிக்கொண்டு கூப்பிடுவார்கள். தெலுங்கு அதிகம் தெரியாத என் அம்மா போனில் அதைக் கேட்டுவிட்டு, "நல்லதுன்னுதான நைனா சொல்றாங்க" என்று சந்தோஷப்பட்டாள். மூன்றே மாதத்தில் நீ எதிர்ப்பக்கம் தனிக்கடை போட்டாய். லெதர் சீட்டெல்லாம் உன்னிடம் வந்தது. நான் ஆட்டோவுக்கு ரெக்சின் தைத்தேன். பதினோரு வருஷம்! ஒரு நாள், ஒரே ஒரு நாள் ரோட்டைத் தாண்டி வந்து, "நான்தான் தொடைக்கல" என்று அந்த டிரைவர்களிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் உன் மனைவி காரைக் கொண்டுவந்தாள். விற்கப்போகிறாளாம், சீட்டைப் புதுசாக்கித் தரவேண்டுமாம். "ஏம்மா, எங்கிட்ட எதுக்கு?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்பு என்னுதுதான்னு வூட்ல சொல்லிக்கினே இருந்தாரு அண்ணா. சொல்லிடணும் சொல்லிடணும்னாரு. ரோட்டத் தாண்டறதுக்குத்தான் கூச்சம்."

வீட்டில் சொன்னாயாம்! கேட்டதும் உச்சந்தலை வரை எரிந்தது. "வேலைய முடிச்சித் தரேம்மா. ஆனா டெலிவரிக்கு நீ பத்து மணிக்கு வரணும். ஸ்டாண்டுல எல்லாரும் டீ குடிக்கற நேரம். இத அவங்ககிட்ட சொல்லணும்" என்றேன். புருஷனை இழந்தவளிடம் கேட்கக்கூடாததுதான். தெரிந்தேதான் கேட்டேன்.

நீ துடைக்காததையும் சேர்த்துத் துடைத்தேன் நேற்று. பதினாலு துணி. கடைசித் துணி வெள்ளையாக வந்தபிறகுதான் பெயிண்டைத் தொட்டேன். நாளெல்லாம் சாய்ந்தாலும் உன் சீட் யார் தலையிலும் ஒட்டாது.

ராத்திரியே சீட்டை மாட்டிவிட்டேன். இன்று காலை பத்து மணிக்கு அவள் வந்தாள். டீக்கடை முன்னால் நின்று, எல்லோருக்கும் புரியட்டும் என்று தெலுங்கிலேயே சொன்னாள்: "தப்பு மா ஆயனதே." தப்பு எங்கள் வீட்டுக்காரருடையதுதான். டிரைவர்கள் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் தலையைத் தடவவில்லை. உன் பெயர் அந்த ரோட்டில் விழுந்து கிடந்ததை நான் கண்ணாரப் பார்த்தேன். இனித்தது. மறைக்கமாட்டேன், இதை எழுதும்போதும் இனிக்கிறது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "போதுமா அண்ணா?"

போதும் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

"போதாதும்மா. அவன் வந்து சொல்லணும்."