மாறி வந்த தொட்டில்

சிட்டுக் கண்ணுக்கு அம்மா எழுதறது,

இங்க நானும் அப்பாவும் நல்லபடியா இருக்கோம். அங்க நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கீங்கன்னு எழுதிட்டு மேல போகலாம்தான், ஆனா போன வாரம் ஃபோன்ல நீ இருமினது இன்னும் என் காதுலயே இருக்கு, அதனால கேள்வியாவே எழுதறேன், நல்லா இருக்கியா? வெந்நீர் குடிக்கிறியா, இல்ல ஆபீஸ் மெஷின்ல வர்ற அந்தக் காப்பியே கதின்னு இருக்கியா? இங்க எல்லாம் பழைய மாதிரிதான். நான் டோக்கன் கொடுக்கற கிளினிக்ல புது டாக்டர் வந்திருக்காரு, பாக்க ரொம்பச் சின்னப் பையன், டோக்கன் வாங்க வர்றவங்க எல்லாம் அவரையே பாத்து டாக்டர் எப்ப வருவாருன்னு கேக்கறாங்க, அவரும் கோபப்படாம இதோ வந்துடுவாருன்னு சொல்லிட்டு உள்ள போய் சீட்ல உக்காந்துக்கறாரு. அப்பாவுக்கு வேலைக்குக் குறைச்சல் இல்ல, முன்னறை முழுக்க எரிஞ்சுபோன தண்ணி மோட்டாருங்க நிக்குது, செம்புக் கம்பியைச் சுத்திச் சுத்தி முதுகு போச்சுன்னு முனகறாரு, முனகிக்கிட்டே சுத்தறாரு. இதெல்லாம் ஃபோன்லயே சொல்லக்கூடியதுதான். ஃபோன்ல சொல்ல முடியாதது ஒண்ணு இருக்கு, அதுக்காகத்தான் பேனாவை எடுத்தேன். பயப்படாதே, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா நீ என்கிட்ட வாங்கிட்டுப் போன ஒரு வாக்கை நான் மீறிட்டேன், ஏன் எப்படின்னு முழுசாப் படிச்சுட்டு அப்புறம் திட்டு.

அப்பாவுக்கு ஒரு சாமான் அனுப்பியிருக்கேன், என்னன்னு சொல்ல மாட்டேன், அப்பாவே பிரிக்கட்டும்னு சொன்னே இல்ல, அந்த நாற்காலி விஷயம்தான். கடைக்காரங்க மாத்தி அனுப்பிட்டாங்க, இப்ப சரியாயிடுச்சு, நாற்காலி வந்துடுச்சுன்னு உன்கிட்ட ஃபோன்ல சொன்னேன். மாறி வந்தது என்னன்னு நீ கேக்கலை, நானும் சொல்லலை, அப்பா பக்கத்துல உக்காந்திருந்தாரு. இப்பச் சொல்றேன். அன்னைக்கு நான் கிளினிக்ல இருந்தேன், மத்தியானம் பெட்டி வந்திருக்கு, அப்பாதான் வாங்கி வெச்சிருக்காரு. அவரைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே, பூட்டற சாமான்னா அவருக்குச் சாப்பாடே வேண்டாம். அட்டையைக் கிழிச்சுப் பாத்தா வழவழன்னு இழைச்ச மரச் சட்டம், வரிசையா சின்னச் சின்னக் கம்பு, ஒரு பை நிறைய திருகாணி. என்னன்னு யோசிக்காமலே கடகடன்னு பூட்ட ஆரம்பிச்சிருக்காரு, பாதி பூட்டின பிறகுதான் அது தொட்டில்னு புரிஞ்சிருக்கு. குழந்தைங்க படுக்கற கம்பு வெச்ச மரத் தொட்டில்டி. என்னன்னு சொல்ல மாட்டேன், அப்பாவே பிரிக்கட்டும்னு நீ வேற சொல்லியிருக்கே. அந்த மனுஷன் வேற என்னதான் நினைப்பாரு, சொல்லு? நீ விஷயத்தை இப்படிச் சொல்லி அனுப்பியிருக்கேன்னு நினைச்சுட்டாரு. நான் வீட்டுக்குள்ள நுழையறேன், மோட்டாரையெல்லாம் சுவரோரம் தள்ளி, நடு அறையில தொட்டிலை நிறுத்தி வெச்சு, கையில துணியோட கம்பு கம்பா துடைச்சுக்கிட்டு நிக்கறாரு. கண்ணெல்லாம் சிவந்திருக்கு. என்னைப் பாத்ததும் தொட்டிலைக் கைகாட்டி, பாத்தியா உன் பொண்ணு வேலையைன்னு மட்டும் சொன்னாரு.

உண்மையைச் சொல்லிடறேன், நானும் ஒரு நிமிஷம் ஏமாந்துதான் போனேன். போன தடவை நீ வந்தப்ப மொட்டை மாடியில துணி காயப்போட்டுக்கிட்டே, நானும் அவரும் குழந்தை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்மா, சண்டை இல்ல, உடம்புல குறை இல்ல, எங்களுக்கு இப்படி இருக்கறதுதான் பிடிச்சிருக்குன்னு சொன்னே இல்ல. அதை நான் மறக்கலை. அன்னைக்கு ராத்திரி முழுக்க எனக்கு வருத்தமா இருந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு, உன் முகத்துல வருத்தம் இல்லாதப்ப எனக்கு மட்டும் எதுக்குன்னு விட்டுட்டேன். அப்படியும் அந்தத் தொட்டிலைப் பாத்ததும் மனசு மாத்திக்கிட்டாளோன்னு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளிச்சு. அடுத்த நிமிஷமே அடங்கிடுச்சு. நீ மனசு மாத்தியிருந்தா தொட்டில்கிட்டச் சொல்லி அனுப்பற ஆளா? முதல்ல எனக்கு ஃபோன் பண்ணி அழுது ஒரு பாடு படுத்தியிருப்பே. உடனே உனக்கு ஃபோன் போடணும்னு அப்பா குதிச்சாரு, அங்க இப்ப நடுநிசி, தூங்கட்டும்னு பிடிச்சு வெச்சேன். அப்பதான் மெதுவாச் சொல்றாரு, அக்காகிட்டச் சொல்லிட்டேன்னு. உங்க பெரியத்தை காதுல விழுந்த சேதி எங்கெங்க போகும்னு உனக்கே தெரியும்.

டீ போடறேன்னு சொல்லிட்டு, பெட்டி மேல இருந்த கடை நம்பரைக் குறிச்சுக்கிட்டு சமையலறையில நின்னு ஃபோன் போட்டேன். எடுத்த பொண்ணு நல்ல பொண்ணு. எங்க விலாசத்துக்கு என்ன அனுப்பினீங்கன்னு கேட்டேன், முதுகுக்குச் சாய்மானம் வெச்ச சுழல் நாற்காலின்னு சொன்னா. எங்க வீட்டுல தொட்டில் நிக்குதேன்னேன். ஐயோன்னா. ரெண்டு பெட்டியிலயும் விலாசச் சீட்டை மாத்தி ஒட்டிட்டாங்களாம். அவங்க தப்புதானாம், நாம ஒண்ணும் கொடுக்க வேண்டியதில்லையாம், பிரிக்காம அப்படியே வெச்சிருங்க, ஆள் வந்து எடுத்துக்கும்னா. பிரிக்கறதா, என் வீட்டுக்காரர் பூட்டித் துடைச்சே வெச்சுட்டாருன்னேன், அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு பாவம், அடக்கப் பாத்தா, முடியலை. இது யாரு வீட்டுக்குப் போகவேண்டியதுன்னு கேட்டேன், பேரு சொல்லக் கூடாதாம். சரி, அவங்ககிட்டயே என் நம்பரைக் கொடு, குழந்தை இருக்கற வீடு, உங்க ஆள் வர்ற வரைக்கும் எதுக்குக் காத்துக்கிடக்கணும்னேன். கேட்டுச் சொல்றேன்னா.

இப்ப அப்பாகிட்டச் சொல்லணும். டீயைக் கையில கொடுத்துட்டு, கடை தப்பா அனுப்பிடுச்சுங்க, நமக்கு அனுப்பினது நாற்காலின்னேன். டம்ளரைக் கீழ வெச்சாரு. அப்புறம் முகத்தைச் சரி பண்ணிக்கிட்டு அவர் சொன்னதுதான் என்னை உடைச்சுடுச்சு. சரி விடு, கடையில பேசு, இதை நாமளே வெச்சுக்கறோம், அவங்களுக்கு வேற ஒண்ணு அனுப்பச் சொல்லு, இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு நமக்கும் வேணும்தானேன்னாரு. பரண்ல எந்த மூலையில வெக்கலாம், பூச்சி அரிக்காம இருக்க என்ன பூசலாம்னு அது வேற ஆரம்பிச்சுட்டாரு. நீயே ஒரு நாள் சொல்றேன், அதுவரைக்கும் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்னு நீ கேட்டுக்கிட்டது ஞாபகம் இருந்துச்சு. இருந்தும் அந்த மனுஷன் ஒரு தொட்டிலைப் பரண்ல ஏத்தி வெச்சுட்டு வருஷா வருஷம் அண்ணாந்து பாக்கறதை நான் சும்மா நின்னு பாத்துக்கிட்டு இருக்கணுமா? என்னால முடியலைடி. உக்கார வெச்சு, நீ மாடியில எனக்குச் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன், என் சரக்கு ஒண்ணும் சேக்கலை.

அவர் கத்துவாருன்னு நினைச்சேன், இல்ல அழுவாருன்னு நினைச்சேன். ரெண்டும் பண்ணலை. எழுந்து போய் திருப்புளியை எடுத்துக்கிட்டு வந்து தொட்டிலைப் பிரிக்க ஆரம்பிச்சாரு. மரத்துல ஒரு கீறல் விழாம, மெதுவா, ஒவ்வொரு திருகாணியா கழட்டி கிண்ணத்துல போட்டாரு. நான் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டேன். கடைசிச் சட்டத்தைக் கழட்டறப்பதான் வாயைத் திறந்தாரு, அவ என்கிட்டச் சொல்ல எதுக்குப் பயந்தான்னு கேட்டாரு. பயம் இல்ல, உங்க முகம் வாடறதைப் பாக்க அவளுக்கு மனசு வரலைன்னேன். அதுக்கு, வாடிச்சா வாடட்டுமே, என் முகம்தானே, நான் பாத்துக்க மாட்டேனான்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு, ஆனா அன்னைக்குச் சாப்பாடு சரியா இறங்கலை. நான் கட்டாயப்படுத்தலை.

மறுநாள் காலையில அந்தத் தொட்டில் போக வேண்டிய வீட்டுக்காரன்கிட்ட இருந்து ஃபோன் வந்துச்சு. ரொட்டிக் கம்பெனியில வேன் ஓட்டற பையன். நாமளே மாத்திக்கக் கடைக்கும் சம்மதம், ரெண்டு பேரும் படம் எடுத்து அனுப்பினாப் போதும்னு சொல்லிட்டாங்களாம். குழந்தை நாள் தள்ளிப் பொறக்க வேண்டியது அவசரப்பட்டு வந்துடுச்சாம், தொட்டிலுக்குப் பதிலா நாற்காலி வந்து நிக்குதாம். வேன்லயே நாற்காலியை ஏத்திக்கிட்டு வந்துட்டான். இறக்கி வெச்சுட்டுத் தயங்கித் தயங்கி, அங்கிள் தப்பா நினைக்காதீங்க, எங்களுக்கு இது முன்னாடியே வந்துடுச்சு, நாலஞ்சு நாள் இதுல உக்காந்துட்டேன், இதைச் சுத்தினாத்தான் பாப்பா தூங்குதுன்னான். அப்பா சிரிச்சாரு பாரு, அந்தச் சிரிப்பைக் கேட்டப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. தொட்டிலை ஏத்திவிட்டுட்டு, பூட்டத் தெரியுமான்னு கேட்டாரு, அவன் முழிச்சான். அவ்வளவுதான், திருப்புளியை எடுத்துக்கிட்டு அவரும் வேன்ல ஏறிட்டாரு, பின்னாலயே நானும். அங்க போய் மனசு விட்டுடுவாரோன்னு எனக்குப் பயம். ஒரே ஒரு அறை, கயித்துல குட்டிக் குட்டித் துணி, அவன் பொண்டாட்டி தூக்கமே இல்லாத முகத்தோட குழந்தையை என் கையில கொடுத்துட்டு அப்படியே சுவத்துல சாஞ்சுட்டா. அப்பா ஏற்கெனவே பூட்டிக் கழட்டினவராச்சே, சட்டுனு முடிச்சுட்டாரு, ஆட்டி ஆட்டிப் பாத்து, அடியில கொஞ்சம் அட்டை வெச்சு சமன் பண்ணினாரு. அப்புறம் என் கையிலேர்ந்து குழந்தையை வாங்கி அவரே படுக்க வெச்சாரு. அது வீல்னு கத்திச்சு. தொட்டில் நாற்காலி மாதிரி சுத்தாதே, பாவம்! அந்தப் பொண்ணு அழறதா சிரிக்கறதான்னு தெரியாம உக்காந்திருந்தா. அப்பா தொட்டிலை ஒரு விரலால ஆட்டிக்கிட்டே, தூங்கற வரைக்கும் உன்கிட்ட என்னமோ பேசுவாரே, மோட்டார் எப்படி ஓடுதுன்னு, அதையே அதுக்கும் சொன்னாரு. தூங்கிடுச்சு. கைக்குழந்தையா இருந்தப்பவே உன்னையும் அப்படித்தான் தூங்கவெச்சாரு, அது உனக்கு எங்க தெரியப்போகுது.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் நான் அவர் முகத்தையே பாத்துக்கிட்டு வந்தேன், என்னை எதுக்குத் துப்பறியறேன்னாரு. நல்லாத்தான் இருக்காரு, பொய் சொல்லலை. வருத்தம் இல்லேன்னும் சொல்ல மாட்டேன். ஆனா நான் எழுத வந்தது அதுக்கு அப்புறம் நடந்தது. சாயந்திரம் பெரியத்தை ஃபோன். நீ அவகிட்டப் பேசினியா, எந்த மாசம், என்ன சாப்பிடறான்னு ஆரம்பிச்சாங்க. அப்பா, அது கடை பண்ணின தப்புக்கா, நாந்தான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்னாரு. அத்தை விடுவாங்களா, அப்ப அவளுக்கு எப்பத்தான், டாக்டரைப் பாத்தாங்களா, யாருகிட்டக் குறைன்னு போயிட்டே இருந்தாங்க. உங்கப்பா தன்னை வளத்த அக்காவை இந்த வயசு வரைக்கும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினது கிடையாது. அன்னைக்குப் பேசினாரு. குரலை உயர்த்தலை. அக்கா, என் பொண்ணு வீட்டுல ரெண்டு பேரு, ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்காங்க, அதுல குறைன்னு ஒண்ணு இல்ல, அந்த வார்த்தையை இன்னொரு தடவை என்கிட்டயும் கேக்காதே, அவகிட்டயும் கேக்காதேன்னு சொல்லி வெச்சுட்டாரு. ஃபோனை வெச்சுட்டுக் கையை என் பக்கம் நீட்டினாரு. நான் பிடிச்சுக்கிட்டேன்.

அதனால அத்தை வேற யார் மூலமாவது உன்கிட்ட ஏதாவது கேட்டா நீ தடுமாற வேண்டாம். இஷ்டமிருந்தா பதில் சொல்லு, இல்லேன்னா எங்கப்பா சொன்னதுதான்னு சொல்லிடு. அப்புறம் உனக்கும் இப்படி ஏதாவது சாமான் மாறி வந்தா உங்கப்பா மாதிரி பாயாதே. முதல்ல பெட்டியைப் படம் எடு, நீ வாங்கினதுதானான்னு பாரு, இல்லேன்னா பிரிக்காம கடைக்கு ஃபோன் போடு, திருப்பி அனுப்பற செலவு அவங்களோடது, உன் தலையில கட்டினா ஒத்துக்காதே. எல்லாத்துக்கும் மேல, அது யாரோ ஒருத்தங்க எதிர்பாத்துக்கிட்டு இருக்கறதுங்கறதை மறக்காதே.

நீ சொல்ல வேண்டியதை நான் சொல்லிட்டேன்னு உனக்குக் கோபம் இருக்கும், இருக்கத்தான் வேணும். அப்பாகிட்ட நீயும் ஒரு தடவை உன் வாயால பேசிடு, அவர் கேக்க மாட்டாரு, ஆனா காத்துக்கிட்டு இருக்காரு. மாப்பிள்ளைகிட்ட, மாமா உங்களைக் கேட்டாருன்னு சொல்லு, சும்மா சொல்லலை, நிஜமாவே கேட்டாரு. நீங்க ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம, ஒருத்தருக்கொருத்தர் துணையா, நிறைவா நூறு வருஷம் இருக்கணும். ராத்திரி ஈரத் தலையோட படுக்காதே. ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ண மறந்துடாதே, என்னைத் திட்டறதுக்காவது பண்ணு, அப்பாவை எடுக்கச் சொல்றேன்.

என்றும் உன் நினைப்போட,
அம்மா