ஏழு மில்லிமீட்டர்

ஜூலை 2, செவ்வாய்

குழந்தைகளின் இதய ஸ்கேனைப் பெற்றோர் தங்கள் போனிலேயே சுழற்றிப் பார்க்கும் செயலி. ஆறு மாதமாக இதே வேலை. ஸ்கேனின் எண்களை உருவமாகத் திரையில் வரையும் ரெண்டரர் என் பொறுப்பு.

மேலாளர் குகன் இன்று ஒரு பழைய மலிவுப் போனை மேசையில் வைத்தார். இதயம் விக்கி விக்கிச் சுழன்றது.

"இதுல ஓடலன்னா ஆஸ்பத்திரி வாங்காது லா, சதாம். ஜனங்க கையில இதான் இருக்கு."

நியாயம்தான்.

ஜூலை 4, வியாழன்

வழி கிடைத்தது. பழைய போன் என்றால் அருகருகே உள்ள புள்ளிகளை ரெண்டரர் ஒன்றாக்கிவிடும். உருவத்தை ஆக்கும் இரண்டு லட்சம் முக்கோணங்கள் ஒன்பதாயிரமாகின்றன. வழுக்கிக்கொண்டு சுழல்கிறது. அழகாகக்கூட — மெழுகில் செய்தது போல.

ஜூலை 6, சனி

டத்தோ கிராமாட். லாத்தா வீடு, என் அக்கா. அவள் மகள் ஃபராவுக்கு நான்கு வயது. மாடி ஏறும்போது நடுப்படியில் உட்கார்ந்துவிடுகிறாள். இதயத்தின் நடுச்சுவரில் ஏழு மில்லிமீட்டர் ஓட்டை. அறுவைச் சிகிச்சை ஆகஸ்ட் ஆறு. மச்சான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

"நெஞ்சைப் பொளக்கப் போறாங்க. கண்ணால பாக்காம எப்படிப் போடுறது?"

லாத்தா என் பக்கம் திரும்பினாள். "நீ செய்றது அதானேடா? காட்டேன்."

மச்சான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் போனில் செயலியையும் ஃபராவின் ஸ்கேனையும் ஏற்றிக் கொடுத்தேன். பிறகு என் போனில் பார்த்தேன். சுவரில் கறுப்பு வட்டம், துல்லியமாக. ஒரு கணம் சந்தோஷம். ச்சீ.

ஜூலை 9, செவ்வாய்

லாத்தா கூப்பிட்டாள். மச்சான் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேதியை ரத்து செய்துவிட்டார்.

"ஓட்டை மூடிக்கிச்சாம்டா. தொழுதுட்டு வந்து அழுவுறாரு."

மாலை, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. மச்சான் வேலை செய்யும் நாசி கண்டார் சோற்றுக் கடை. குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "காலையிலேர்ந்து எல்லாருக்கும் ஓசி தே தாரிக். உங்க மச்சானால கடைய மூடணும் போல."

மச்சான் ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் போனை நீட்டினார். "சுத்திச் சுத்திப் பாத்துட்டேன். எங்கடா ஓட்டை?"

சுவர் முழுசாக இருந்தது. மெழுகு. அவர் போன் பழையது. ஓட்டையின் இரு கரைப் புள்ளிகளையும் ரெண்டரர் ஒன்றாக்கியிருக்கிறது.

சொல்லவில்லை. கொடுத்த தே தாரிக் டீயைக் குடித்தேன். ஏன் குடித்தேன்?

ஜூலை 10, புதன்

சொல்லிவிட்டேன். கடைக்கு வெளியே, அஞ்சடி நடைபாதையில்.

"மூடல மச்சான். உங்க போன்ல ஓடணும்னு நான் செஞ்ச வேலை. ஓட்டைய நாந்தான் மூடிட்டேன்."

என் போனைக் காட்டினேன். கறுப்பு வட்டத்தை வெகுநேரம் பார்த்தார். கத்தியிருக்கலாம்.

"மூணு நாளா நன்றி சொல்லிக்கிட்டு இருக்கேன்டா."

அவ்வளவுதான். உள்ளே போய் யாருக்கோ சோறு போட்டார்.

ஜூலை 11, வியாழன்

ஆஸ்பத்திரி கொடுத்த புதுத் தேதி ஆகஸ்ட் 27. மூன்று வாரம் தாமதம். ஃபராவின் மூன்று வாரம். லாத்தா போனை எடுக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

புள்ளிகளை ஒன்றாக்கும் பகுதியை நீக்கினேன். பழைய போனில் ஒரு படம் வரப் பத்து நொடி. குகனிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"ஆஸ்பத்திரிகிட்ட என்ன சொல்றது?"

"காத்திருக்கணும்னு."

செயலியைக் கொடுக்கும் தேதியைத் தள்ளிவைத்தார்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மச்சான் கையெழுத்து, கோணலாக. அறுவை ஐந்து மணி நேரம். கதவு திறந்தபோது மூவருமே எழுந்திருக்கவில்லை. டாக்டர்தான் எங்களிடம் வந்தார். நன்றாக முடிந்தது.

அக்டோபர் 5, சனி

புது ஸ்கேன் வந்திருக்கிறது. லாத்தா சாப்பிடச் சொன்னாள். ஜூலைக்குப் பிறகு அவள் என்னிடம் தானாகப் பேசியது இதுதான்.

மச்சான் தன் பழைய போனை எடுத்தார். "இது டாக்டர் மூடினதா, நீ மூடினதா?"

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

ஏற்றினேன். பத்து நொடி. ஒரு படம். இன்னும் பத்து நொடி. கூடத்து நாற்காலியில் அவர் பக்கத்தில் நான், இருவரும் குனிந்தபடி. நடுச்சுவர் மெல்ல வந்தது. ஓட்டை இருந்த இடத்தில் தைத்த ஒட்டு. அதன் விளிம்பு கரடுமுரடாக இருந்தது.

"இன்னொரு தரம் சுத்து."

காத்திருந்தோம்.

மாடியிலிருந்து ஃபரா கூப்பிட்டாள். எப்போது ஏறிப் போனாள், யாரும் கவனிக்கவில்லை.