ஒரேயொரு ஆமாங்க

பெப்ரவரி 9, ஞாயிறு

அம்மா இன்றைக்கும் தொடங்கிவிட்டா. "கம்பஸ் முடிச்சு ரெண்டு வருசம். இன்னும் கட்டிலிலை கிடந்து போன் பாக்கிறாள்." நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் மத்தியானச் சோறு நிம்மதியாக இறங்காது.

பின்னேரம் பிரேமிளா போன் எடுத்தாள். கம்பஸில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவள், கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கண்டியில் ஒரு தொண்டு நிறுவனம், தோட்டச் சனத்துக்குப் பிறப்புப் பதிவு, அடையாள அட்டை எடுத்துக்கொடுக்கிறது. புதுப் பட்டதாரி ஒருவருக்கு ஒரு வருடப் பெலோஷிப்பாம். மலையகப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை.

"நீயும் போடு மதனி. ரெண்டு பேர்ல யாருக்குக் கெடைச்சாலும் சந்தோசந்தான்" என்றாள். அவளுக்குக் கிடைக்காவிட்டால், சித்திரை வருடப்பிறப்பு முடிய கொழும்பில் மாமாவின் உடுப்புக்கடைக்குப் போகவேண்டும். வீட்டில் முடிவாகிவிட்டது. அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பெப்ரவரி 23, ஞாயிறு

ரெண்டு பேரையும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிரேமிளா கட்டுகஸ்தோட்டைக்கு எங்கள் வீட்டுக்கே வந்தாள். அவளின் இங்கிலீசை நான் திருத்தினேன். அவள் எனக்குத் தோட்டத்துக் கதைகளைச் சொன்னாள். அவளுடைய பெரியம்மா மாரியாயியைப் பதிவில் யாரோ மரியா என்று எழுதிவிட்டார்களாம். "தெனம் மாரியம்மன் கோயிலுக்குப் போறவங்க, கடுதாசில மட்டும் வேதக்காரங்க. கடைசி வரைக்கும் தோட்டத்துல சேர்ந்த காச அவங்களால எடுக்க முடியல." இந்தக் கதையை இன்டர்வியூவில் சொல்லப்போகிறாளாம். சொல்லு, வேலையை அப்படியே கையில் தந்துவிடுவார்கள் என்றேன்.

மார்ச் 6, வியாழன்

நான் முதல், அவள் பிறகு. மூன்று பேர் இருந்தாலும் கேள்வி முழுக்கச் செசிலியா மிஸ்தான். நிறுவனத்தை நடத்துகிறவர். நரைத்த தலை, மெல்லிய குரல். தாளைப் பார்த்தபடி, "நீங்களும் மலையகத்துப் பிள்ளைதானே?" என்றார்.

கண்டியில் பிறந்தவள் நான். கண்டி மலையில்தானே இருக்கிறது? ஆனால் சும்மா கதை விடாதை மதனி. மலையகம் எண்டால் இஞ்சை ஆரும் மலையைச் சொல்லுறேல்லை, தோட்டத்துச் சனத்தைச் சொல்லுறது. அப்பா கண்டிக் கச்சேரியில் அரசாங்க வேலைக்கு யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியிலிருந்து வந்தவர். நான் பேசத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் ஆம் என்பதற்கு "ஓம்"தான், "ஆமாங்க" தோட்டத்துப் பேச்சு.

"ஆமாங்க" என்றேன்.

அதோடாவது நிறுத்தினேனா? "எங்க பக்கம்", "எங்க ஆளுங்க" எண்டு பிரேமிளான்ரை தமிழிலையே ஓடிச்சுது பாழாப்போன வாய். மாரியாயி கதையையும் சொன்னேன். மிஸ் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்.

வெளியே பிரேமிளா காத்திருந்தாள். "என்ன கேட்டாங்க?"

"சும்மா, படிப்பைப்பற்றி" என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

எப்படிப் போனது என்று அப்பா கேட்டார். நல்லம் என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

எனக்குத்தான். பிரேமிளா அடுத்த ஆள். நான் வராவிட்டால் அவளை எடுப்பார்களாம். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தா.

மார்ச் 23, ஞாயிறு

பிரேமிளா வாழ்த்துச் சொல்ல நேரிலேயே வந்தாள். தன் அம்மா சுட்ட உளுந்துவடையைக் கையில் கொண்டுவந்தாள். தின்றுகொண்டிருக்கும்போது பாதியில் சொன்னாள்.

"உன்னயப் பத்தி என்கிட்டயும் கேட்டாங்க. மதனி உங்க பக்கந்தானே, பழக்கமான்னு."

"நீ என்ன சொன்னனி?"

"ஆமாங்கன்னேன். இல்லன்னு சொன்னா உன்னயப் பொய்க்காரின்னு நெனைப்பாங்கல்ல."

பெரியம்மா கதையைச் சொன்னாயா என்று கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம்.

"ஆரம்பிச்சேன். அந்த மிஸ் மொகத்தப் பாத்ததும் நீ சொல்லிட்டன்னு வெளங்கிருச்சு. நிப்பாட்டிட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு, டீ ஊத்து" என்றாள். அவள் ஏசியிருக்கலாம். ரெண்டு அறை விட்டிருக்கலாம். வெறும் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக் கொண்டு போனாள்.

மார்ச் 24, திங்கள்

மிஸ்ஸிடம் உண்மையைச் சொன்னால் என்ன? சொன்னால் எனக்காகச் சொன்ன பிரேமிளாவும் பொய்க்காரி. ரெண்டு பேருக்கும் இல்லாமல் போகும். சொல்லாமல் விட்டால் அவள் கொழும்புக்கு. ஆப்பிழுத்த குரங்கு நான். குரங்கின் வால் மட்டுமென்றால் பரவாயில்லை, அவளையும் சேர்த்தல்லோ மாட்டிவிட்டிருக்கிறன்.

மார்ச் 25, செவ்வாய்

மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். வர முடியாது மிஸ், வீட்டில் ஒரு பிரச்சினை என்றேன். ஒத்திகை பார்த்து வைத்த பொய்.

"அப்பாவுக்கு விருப்பமில்லையோ?" என்றார்.

"ஓம் மிஸ்."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே கேட்டது. பிறகு மிஸ்ஸின் குரல் மாறியது. எங்கள் அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழ்.

"ஊரிலை எவடம் பிள்ளை?"

"சாவகச்சேரி."

"நான் பருத்தித்துறை. சரி, வையுங்கோ."

ஏசவில்லை. வேறொன்றும் கேட்கவில்லை. பிரேமிளாவை எடுங்கோ எண்டு கெஞ்ச நினைச்சன், லைன் இல்லை. அவவுக்கு விளங்கிப்போச்சு. அப்ப பிரேமிளா சொன்னதும் பொய்யெண்டு விளங்கியிருக்குந்தானே? ஐயோ, நான் என்ன செய்து வைச்சிருக்கிறன்.

மார்ச் 29, சனி

மிஸ்ஸிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. பிரேமிளாவின் மாமா கொழும்பு பஸ்ஸுக்கு இடம் சொல்லிவிட்டாராம்.

ஏப்ரல் 3, வியாழன்

அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனில் அழுதாள், அவளுடைய அம்மா பின்னாலிருந்து அழுதா. நீ ஏன் வேண்டாமென்றாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அம்மா விடவில்லை என்றேன். என் அம்மா பாவம், வேலை போன கவலையில் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. அவ தலையில் இதையும் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

பிரேமிளாவுக்கு இன்று முதல் நாள். மத்தியானம் எடுத்தாள். தனக்கென்று ஒரு மேசை தந்தார்களாம், ஜன்னலால் பார்த்தால் பஸ் தெரியுமாம்.

"செசிலியா மிஸ் உன்னயக் கேட்டாங்க."

"என்னெண்டு?"

"சிநேகிதி அவ ஊருக்கே போயிட்டாளான்னு. எந்த ஊரச் சொல்றாங்கன்னே வெளங்கல. நான் ஆமாங்கன்னுட்டேன். தப்பா?"

"ஓம்" என்றேன்.

"பரவால்ல. உனக்காக ஆமாங்க சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிருச்சு" என்றாள்.