இடப்பக்கம் யாரும் வேண்டாம்

மார்ச் 3, செவ்வாய்

ஆமாம், இரண்டு சக்கரம்தான். எத்தனை முறை கேட்டாலும் இரண்டுதான். காலையில் அப்பா கேட்டார். மத்தியானம் போனில் கேட்டார். சாயங்காலம் தம்பியை விட்டுக் கேட்டார். அதற்குள் நான்காகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

மனம் மாறினால் எடுத்துப் பார்த்துக்கொள்ள எழுதிவைக்கிறேன்: பழைய காலத்து வண்டி போலப் புதிதாகச் செய்த மோட்டார் சைக்கிள். உருண்டை விளக்கு. கம்பிச் சக்கரம். மங்கிய பச்சை டேங்க், இரண்டு பக்கமும் முழங்கால் பதிகிற குழிவு. ஒரே ஒரு சிலிண்டர். ஊருக்குள் போய்வர அது போதும். எனக்கு மலை ஏற வேண்டாம். வீடு, கிளினிக், நூலகம், சித்தி வீடு. யாரையும் கேட்காமல் போய், யாரையும் கேட்காமல் திரும்ப வேண்டும்.

மார்ச் 4, புதன்

அப்பா சொல்கிற வண்டி வேறு. ஸ்கூட்டர். பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் ஒவ்வொரு சக்கரம் சேர்த்தது.

என் இடது கால் வலது காலைவிட மூன்று விரற்கடை குட்டை. பிறந்ததிலிருந்து. இதை எதற்கு இங்கே எழுதுகிறேன், எனக்குத் தெரியாததா? ஆனால் எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்ன வாக்கியம். வீட்டில் அது ஒரு பெரிய அறையளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

இன்று கிளினிக்கில் காது பரிசோதனைக்கு ஒரு பெரியவர். ஒலி புகாத அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா மட்டும் பட்டனை அமுக்குங்க" என்றேன். நான் ஒலியே அனுப்பாதபோதும் அமுக்கிக்கொண்டிருந்தார். மகன் காதுக் கருவி வாங்கியே தீருவது என்று அழைத்து வந்திருக்கிறான். பெரியவருக்கோ நன்றாகக் கேட்கிறது. பேச்சில் ஆர்வம் போய்விட்டது, அவ்வளவுதான். கேட்கிற காதுக்குக் கருவி மாட்டினால் காதுதான் கெடும் என்றேன். மகனுக்குக் கோபம்.

பக்கச் சக்கரம் வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது சிறகு. எனக்கு வேண்டாம். இதில் புரியாதது என்ன?

மார்ச் 7, சனி

தம்பியைக் கடைக்குக் கூட்டிப்போனது தப்பு. விற்பனைக்காரர் என்னைப் பார்த்து "வாங்க மேடம்" என்றார். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் தம்பியிடமே சொன்னார். மைலேஜ் தம்பிக்கு. சர்வீஸ் தம்பிக்கு. "மேடம் பிடிச்சுக்கப் பின்னாடி கம்பி கூட இருக்கு சார்."

"வண்டி அவங்களுக்கு," என்றான் தம்பி.

"எவங்களுக்கு?"

"எனக்கு," என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். என் ஷூவைப் பார்த்தார். மறுபடி தம்பியைப் பார்த்தார். "சார் நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சொல்றது? நான் வெறும் துணைக்கு வந்தவன். டீ குடுத்தா குடிப்பேன்."

உட்கார்ந்து பார்த்தேன். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. என் இடது ஷூவுக்கு அடியில் தக்கை வைத்த தடித்த அடி. அதோடு ஏறினால் இரண்டு காலும் தரையைத் தொடுகின்றன. ஆனால் கியர் இடது காலில். அந்தத் தடிமன் கியர் லீவருக்கு அடியில் நுழையவே மாட்டேன் என்கிறது. ஷூவைக் கழற்றிப் பார்த்தேன்: கியர் விழுகிறது, கால் தரைக்கு எட்டவில்லை.

ஒன்று தரை. இல்லாவிட்டால் கியர்.

குதிகாலால் மிதிக்கிற நீண்ட லீவர் கிடைக்குமா என்று கேட்டேன். இந்த வண்டிக்கு வராதாம். இதையும் தம்பியிடம்தான் சொன்னார்.

மார்ச் 8, ஞாயிறு

கியர்.

மார்ச் 14, சனி

வண்டி வந்துவிட்டது. தம்பிதான் ஓட்டி வந்தான். தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்தது. கிளினிக்கில் நாள் முழுக்க ஒலிகளோடு இருக்கிறவள், இதை எப்படிக் குறிப்பேன்? ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக எண்ணலாம் போல ஒரு சத்தம். அவசரமே இல்லாதது.

அப்பா வாசலுக்கு வந்து, சக்கரங்களைப் பார்த்து, உள்ளே போய்விட்டார். அம்மா வரவேயில்லை. இந்த விஷயத்தில் அம்மா இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசுகின்றன.

இடது காலுக்கு மெல்லிய அடி வைத்த பழைய கான்வாஸ் ஷூ ஒன்றைத் தேடி எடுத்திருக்கிறேன். தடித்த ஷூ பையில். திட்டம் எளிது: நிற்கும்போதெல்லாம் வலது காலை மட்டும் ஊன்றுவது. இடது கால் எப்போதும் மேலே, அதன் வேலையில்.

மார்ச் 22, ஞாயிறு

மூடிக் கிடக்கிற கிடங்குக்குப் பின்னால் பெரிய சிமெண்டுத் தரை. காலை ஆறு மணிக்குப் பயிற்சி. கிளட்ச் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. தம்பி சொல்கிறான்: "அக்கா, நீ ஓட்டறப்ப ஒண்ணும் பயமில்ல. நிறுத்தறப்பதான் நான் கண்ணை மூடிக்கிறேன்."

சரிவில் நின்று கிளம்புவது கடினம். மற்றவர்கள் இடது காலை ஊன்றி, வலது காலால் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்கிறார்கள். என் வலது கால் தரையில் இருக்குமே. அதனால் முன் பிரேக்: வலது கையில் இரண்டு விரல் பிரேக்கில், மிச்ச விரல்கள் ஆக்ஸிலேட்டரில். ஒரே கை, இரண்டு எதிரெதிர் வேலை. கிடங்கின் சரக்கு ஏற்றும் சாய்தளத்தில் பதினோரு முறை செய்தேன். ஒன்பது முறை இன்ஜின் அணைந்தது.

இரண்டு முறை அணையவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

விழுந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் பேசி முடிவு செய்ததில்லை. வெளியே போனால் எல்லோரும் என் இடப்பக்கம்தான் நடப்பார்கள். அம்மா, அப்பா, தம்பி. தம்பி நடக்கப் பழகியதே என் இடப்பக்கத்தில்தான். நான் சைக்கிள் கற்றபோது அவனுக்கு ஆறு வயது, அந்தப் பக்கமாகவே கூட ஓடி வந்தான். குடும்பப் புகைப்படங்களில்கூட என் வலப்பக்கம் காலி.

இன்று நான் சாய்தளத்தில் வந்து நின்றேன். தம்பி வழக்கம்போல இடப்பக்கம். அவனுக்குப் போன் வந்தது. அவனுடைய பார்சல் கம்பெனி, ஞாயிறு என்றும் பார்க்க மாட்டார்கள். இரண்டடி தள்ளிப் போனான். நான் வலது காலை ஊன்ற வேண்டியவள். ஊன்றவில்லை. இடப்பக்கம் சாய்ந்தேன். அவன் அங்கே இருக்கிறான் என்று உடம்பு சாய்ந்தது. அவன் அங்கே இல்லை.

நூற்றைம்பது கிலோ. கண்ணாடி உடைந்தது. முழங்கால் வீங்கியிருக்கிறது.

"அக்கா, நான் போன எடுத்திருக்கக் கூடாது," என்று அழாத குறையாகச் சொன்னான். இவ்வளவு பெரிய உருவம், முகம் ஆறு வயசுப் பிள்ளை மாதிரி.

"நீ அங்க நின்னிருக்கவே கூடாதுடா," என்றேன்.

புரியவில்லை அவனுக்கு. எனக்கே இப்போது எழுதும்போதுதான் புரிகிறது. கால் என்னைத் தள்ளிவிடவில்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம் தள்ளிவிட்டது.

அம்மா முழங்காலுக்கு மருந்து தடவினாள். தடவி முடித்து ஒரே சொல் சொன்னாள். "வித்துடு."

மாட்டேன் என்றேன். கையைக் கழுவப் போய்விட்டாள்.

ஏப்ரல் 3, வெள்ளி

கிளினிக்கிலிருந்து வந்தால் வண்டியின் பின்பக்கம் சுண்ணக்கட்டியில் கோடுகள். அச்சுக்கு மேலே இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, அம்புக்குறி வேறு. அப்பா நான் இல்லாத நேரம் பார்த்து மெக்கானிக் ஒருவரை வரவழைத்து அளவெடுக்க வைத்திருக்கிறார். பக்கச் சக்கரத்துக்கு. என் வண்டியில்.

கத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். கத்தினேன்.

"யாரைக் கேட்டு அளவெடுத்தீங்க?"

"அளவுதானம்மா எடுத்தாரு. மாட்டவா செஞ்சாரு?"

"யாரைக் கேட்டு?"

"விழுந்து கெடந்தியே, அப்ப யாரைக் கேட்டு விழுந்த? ரெண்டு சக்கரம் கூட இருந்தா என்ன கொறஞ்சா போயிடும்?"

"அப்ப உங்க சட்டையில மூணாவதா ஒரு கை வெச்சுத் தைக்கச் சொல்றேன். என்ன கொறஞ்சா போயிடும்?"

தம்பி சிரித்துவிட்டான். அப்பா அவனை முறைத்தார். பிறகு என்னிடம், குரல் இறங்கி: "நீ கீழ விழறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்லடா."

அவருக்குத் தெம்பு இல்லை, அதற்கு என் வண்டிக்கு எதற்கு நான்கு சக்கரம்? இதை அவரிடம் சொல்லவில்லை. முகம் அப்படி இருந்தது.

ஈரத்துணி எடுத்துப் போய்க் கோடுகளைத் துடைத்தேன். அம்புக்குறி மட்டும் லேசில் போகவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

தம்பியைக் கிடங்கின் வாசலிலேயே நிறுத்திவிட்டேன். ஐம்பதடி தூரம். "நான் விழுந்தா?" "விழுந்தா வா. அதுவரைக்கும் வராத." கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் யாரும் இல்லாமல் நிற்பது முதலில் வெறும் காற்றில் நிற்பது மாதிரி இருந்தது. இருபது முறை. அணைந்தது நான்கு. இடப்பக்கம் சாய்ந்தது பூஜ்யம்.

ஏப்ரல் 16, வியாழன்

லைசென்ஸ் தேர்வு. வளைவுகளை எல்லாம் சரியாகப் போட்டேன். கடைசியில் சரிவு. கோட்டில் நிறுத்தி, வலது காலை ஊன்றினேன். ஆய்வாளர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"இடது காலை ஊன்றும்மா."

"வலதுதான் சார் ஊன்றுவேன்."

"எல்லாரும் இடதுதான் ஊன்றாங்க."

"எல்லாருக்கும் எட்டுது சார்."

குனிந்து பார்த்தார். கான்வாஸ் ஷூ மிதியில் இருந்தது, தரைக்கு மேலே அத்தனை இடைவெளி. முகத்தில் அது வந்துவிட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். பாவப்பட்டு ஏதோ சொல்லப் போகிறார். அதற்குள் கேட்டேன், "எந்தக் காலுன்னு உங்க தாள்ல போட்டிருக்கா சார்?"

தாளைப் படித்தார். உண்மையிலேயே படித்தார், விரல் வைத்து. வண்டி பின்னால் உருளக் கூடாது என்று இருக்கிறது. இன்ஜின் அணையக் கூடாது என்று இருக்கிறது. எந்தக் கால் என்று இல்லை.

"சரி, கெளம்பு."

கிளம்பினேன். உருளவில்லை. அணையவில்லை. இன்னொரு முறை என்றார். செய்தேன். இன்னொரு முறை என்றார். மூன்றாவது முறை எனக்கு எரிச்சல்.

"மத்தவங்களுக்கு ஒரு தடவைதான சார்?"

"மொத தடவை அதிர்ஷ்டம்னு நெனச்சேன். ரெண்டாவது தடவை விரலைக் கவனிக்கல. என்னம்மா பண்ற அந்த ரெண்டு விரல்ல?"

காட்டினேன். தன் கையைக் காற்றில் நீட்டி இரண்டு விரலை மடக்கிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் அப்பா அந்தத் தாளை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார். "போட்டோ நல்லா இல்ல," என்றார்.

ஏப்ரல் 20, திங்கள்

வேலைக்கு வண்டியில். மழை. நனைந்தேன். ஷூ மாற்ற வாசலில் மூன்று நிமிஷம். டாக்டர் பார்த்துக்கொண்டே போனார், ஒன்றும் கேட்கவில்லை. நல்லவர்.

ஏப்ரல் 27, திங்கள்

காலையில் சித்தி போன். குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு வீங்கிவிட்டதாம். அப்பா ஊரில் இல்லை, தம்பி கிளம்பிவிட்டான், பஸ் வரவில்லை. அம்மா தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள். நான் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"சித்தி வீட்டுல என்னை விட்டுடு," என்றாள். வண்டியைப் பார்க்காமல் சொன்னாள்.

ஏறப்போனாள், இரண்டு காலையும் ஒரே பக்கமாகப் போட்டு. இடப்பக்கம். அவள் எடை முழுக்க அந்தப் பக்கம் தொங்கும்.

"அப்படி வேண்டாம்மா. ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காரு."

"இந்த வயசுல?"

"இந்த வண்டில."

உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றே நினைத்தேன். தம்பியின் பழைய கால்சட்டையில் திரும்பி வந்தாள், கீழே இரண்டு மடிப்பு மடித்துவிட்டு. "சிரிச்ச, நடந்தே போயிடுவேன்." சிரிக்கவில்லை. தம்பியின் ஹெல்மெட்டையும் மாட்டிவிட்டேன். ஏறினாள். கை என் இடது தோளில்.

மேம்பால ஏற்றத்தில் சிவப்பு விழுந்தது. நின்றேன், வலது காலை ஊன்றினேன். உடனே வண்டி இடப்பக்கம் இழுத்தது. குனிந்து பார்த்தால் அம்மாவின் இடது கால் மிதியை விட்டு இறங்கியிருக்கிறது. தரைக்கு எட்டவும் இல்லை. அந்தரத்தில் தரையைத் தேடிக்கொண்டிருந்தது.

"அம்மா, காலை மேல வை."

"உனக்கு அந்தப் பக்கம் ஊன்ற முடியாதேடி."

"முடியாது. வேண்டாம். மேல வை, சாயுது."

"விழுந்துடுவோம்டி!"

"நீ கால மேல வெச்சாதான் விழ மாட்டோம்."

பின்னால் ஹாரன். எத்தனை நொடி என்று தெரியவில்லை. பிறகு கால் மிதிக்கு ஏறியது. வண்டி நிமிர்ந்தது. இடது தோளில் இருந்த கை எடுபட்டு, கொஞ்சம் தடுமாறி, வலது தோளுக்கு வந்தது.

பச்சை. இரண்டு விரலைத் தளர்த்தினேன். உருளவில்லை, அணையவில்லை.

சித்தி வீட்டு வாசலில் இறங்கி, கால்சட்டையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்: "சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவ?"

ஆறரை என்றேன். பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். வாசலில் ஷூ மாற்றினேன். ஒன்பது இருபதுக்கு முதல் ஆளை அறைக்குள் உட்கார வைத்தேன்.