ஆத்தங்கரைக்குப் போய் வந்தது

சங்கரன்கோவில்
15-11-1983

அன்பு மகன் மைதீன் பாட்சாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாவின் கிருபையால் வாப்பாவும் நானும் சுகம். அந்தப் பாலைவன வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். உன் வீட்டுக்காரி ஜுலைகாவும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அவளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம், பதறாமல் முழுசையும் படி.

இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கப்போவதாக நீ எழுதியதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை, பேச்சும் நின்றுபோயிற்று. வாசலில் நின்றால் ஒரு கேள்வி, மாடியில் துணி காயப்போட்டு வர நேரமானால் ஒரு கேள்வி, இந்த வீட்டில் அவளுக்கு வேறென்ன இருக்கிறது? காற்றுக் கருப்பாக இருக்கும் என்று யாரோ சொல்ல, ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய்ப் பாத்திஹா ஓதி வரலாம் என்று வாப்பா சனிக்கிழமைக்குச் செல்லப்பா அண்ணாச்சியின் காரைப் பேசினார்கள். திருநெல்வேலி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அவள் கண்ணாடியை இறக்கி முகம் நனைய வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வாப்பா ஏற்றச் சொன்னார்கள், ஏற்றிவிட்டாள்.

ஓதி முடித்துக் கிளம்பினால் நம்பியாறு தரைப்பாலத்தை மூடிக்கொண்டு ஓடுகிறது. திரும்பி வந்து, வெளியூர்க்காரர்கள் தங்குகிற ஒரு சின்ன அறையில் அடைந்து கிடந்தோம். கடல் கூப்பிடு தூரத்தில்தான், சத்தம் மட்டும் கேட்டது. வாப்பா கதவோரத்திலேயே தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலை மழை விட்டு வாப்பா பள்ளிவாசலுக்குள் போன நேரம், நான் தொழுகைக்கு ஒளு செய்துவிட்டு வந்து பார்த்தால் ஜுலைகாவைக் காணோம். மணலில் காலடியைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஆறு கடலில் விழுகிற இடத்தில், துப்பட்டி காற்றில் அடிக்க நின்றுகொண்டிருந்தாள். கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை.

"நான் சாவ வரல மாமி. எங்க போறேன்னு யாரும் கேக்காம கொஞ்சம் நடக்கணும்னு தோணிச்சு, அவ்வளவுதான்" என்றாள்.

அப்புறம் இரண்டு பேரும் கரையோரமாகவே நடந்தோம். பேய் பிசாசு ஒன்றும் தன்னைப் பிடிக்கவில்லை, நீ வருகிற வரைக்கும் கடையநல்லூரில் தன் உம்மா வீட்டில் இருந்து டீச்சர் டிரெயினிங் படிக்கப்போவதாகச் சொன்னாள். இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறோம், அவளுக்கு இப்படி ஒரு ஆசை இருப்பது எனக்குத் தெரியாது. வாப்பாவிடம் சொன்னேன், ஊர் என்ன பேசும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

மத்தியானம் வெள்ளம் வடிந்து கிளம்பினோம். திருநெல்வேலி வந்ததும் நான் வண்டி ஓட்டிய செல்லப்பா அண்ணாச்சியிடம், "அண்ணாச்சி, வண்டிய கடையநல்லூருக்கு விடுங்க" என்றேன். அவர் வாப்பா முகத்தைப் பார்த்தார். வாப்பா, "சங்கரன்கோவிலுக்கு விடும்வே" என்றார்கள். நான் கதவைத் திறந்து ரோட்டில் இறங்கி நின்றுவிட்டேன். "புள்ளைய அவ உம்மாட்ட விட்டுட்டுத்தான் நான் வீட்டுக்கு வருவேன்" என்றேன். பஸ்ஸுக்கு நின்ற ஆட்களெல்லாம் பார்த்தார்கள். அதற்குப் பயந்தோ என்னவோ, வாப்பா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டார்கள். கார் கடையநல்லூருக்குத் திரும்பியது. அவளைப் பெற்றவளிடம் விட்டுவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து வாப்பா என்னோடு பேசுவதில்லை. வைத்த சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து போகிறார்கள். அவளைத் திரும்பி வரச் சொல்லும்படி உனக்கு எழுதுவார்கள், நீ அதைச் செய்யாதே. முடிந்தால் அவளை அங்கே கூப்பிட்டுக்கொள், இல்லையென்றால் நீ வந்துவிடு. இரண்டும் ஆகாதென்றால் படிக்கவாவது விடு. நானும் இந்த வீட்டுக்கு வாழ வந்தவள்தான். எனக்குத் திரும்பிப் போக உம்மா வீடு இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துண்டில்லாமல் நிற்காதே. அல்லா உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல மனசும் தரட்டும். வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிருக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன். பதிலைக் கடையநல்லூருக்கு, ஜுலைகா பேருக்குப் போடு. எனக்குப் போட்டால் அது வாப்பா கைக்குத்தான் முதலில் வரும்.

உன் உம்மா,
மகபூப் பீவி